ஈரம் எந்தப் பக்கம் போகும்?

கடையில் வாங்கிய ரொட்டியைக் காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டி வைத்தாலும் மூன்றாம் நாள் துண்டுகள் விறைத்துவிடுகின்றன. ஈரம் வெளியே போக வழியில்லை. ஆனாலும் கடித்தால் காய்ந்துபோனது போலவே இருக்கிறது. வேல்ஸ் நாட்டு வீடுகளில் சுடும் 'பாரா பிரித்' என்ற பழரொட்டி இதற்கு நேர்மாறு. வழக்கமான இன்றைய செய்முறையில் வெண்ணெயோ எண்ணெயோ ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. சுட்ட அன்றைக்கே அதை வெட்ட வேண்டாம், தாளில் சுற்றி ஒரு நாள் வை என்பார்கள். மறுநாள் அது இன்னும் மிருதுவாகியிருக்கும். வேல்ஸின் குளிரில் ஒரு வாரம் கழித்து எடுத்தாலும் உள்ளே ஈரம் இருக்கும்.

கொழுப்புச் சேராத ரொட்டிதான் சீக்கிரம் விறைக்கும் என்பது அடுமனையில் வேலை செய்பவர்கள் எல்லோரும் அறிந்தது. அப்படியிருக்க, இந்த ஒரு ரொட்டி மட்டும் எப்படித் தப்பிக்கிறது? அதற்கான வேலை முந்தின இரவே தொடங்கிவிடுகிறது. பழங்களைத் தேநீரில் ஊறப் போடுகிறார்கள். அந்த ஓர் இரவில் பழத்துக்கும் நீருக்கும் இடையே நடப்பது புரிந்துவிட்டால் மீதியெல்லாம் தானாக விளங்கும்.

முதலில் செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். 400 கிராம் உலர்பழம். நம் ஊர்க் கிஸ்மிஸும் கறுப்பு உலர்திராட்சையும் கலந்திருந்தால் போதும். அதன்மேல் 100 கிராம் பழுப்புச் சர்க்கரையைத் தூவி, பால் சேர்க்காத சூடான கடுந்தேநீர் 300 மில்லி ஊற்றி, மூடி இரவு முழுக்க வைக்க வேண்டும். காலையில் ஒரு முட்டை, 250 கிராம் மைதா, இரண்டரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், பட்டையும் ஜாதிக்காயும் சேர்ந்த பொடி ஒரு தேக்கரண்டி. தேநீரை வடிக்கக் கூடாது, அதுவும் கலவையில் சேர வேண்டும். நீளமான ரொட்டி அச்சில் ஊற்றி, 160 முதல் 170 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகச் சுட வேண்டும். வேல்ஸில் செல்ஃப் ரைசிங் மாவு வாங்குவார்கள். அது பேக்கிங் பவுடர் முன்கூட்டியே கலந்த மாவுதான்.

அளவுகளைக் கவனியுங்கள். மாவைவிடப் பழம் ஒன்றரை மடங்குக்கும் மேல். ஆகவே பழத்தை இங்கே சுவைக்காகத் தூவிய பொருளாக நினைக்க முடியாது. ரொட்டியில் பெரும் பங்கே பழம்தான், அதற்கு நேர்வதெல்லாம் ரொட்டிக்கும் நேரும்.

புதுத் திராட்சையில் ஏறத்தாழ 80 விழுக்காடு நீர். உலர்ந்தபின் எஞ்சுவது 15 விழுக்காடு அளவுதான். மிச்சத்தில் பெரும்பகுதி சர்க்கரை; குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கிட்டத்தட்டச் சம அளவில் இருக்கும். பழத்தைச் சுற்றி ஒரு காவலும் உண்டு. கொடியிலிருந்து பறித்த திராட்சையை விரலால் தேய்த்தால் ஒரு வெண்மை கலைந்து தோல் பளபளக்கும். அந்த வெண்மைதான் மெழுகு. உள்ளிருக்கும் நீர் வெயிலில் பறந்துவிடாமல் செடி செய்துகொண்ட ஏற்பாடு அது. திராட்சையை உலர்த்துகிறவர்களுக்கு அது இடைஞ்சல். சாம்பல் கரைத்த காரநீரில் எண்ணெய் கலந்து, அதில் குலையை முக்கி எடுத்துக் காயவைக்கும் வழக்கத்தைக் கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானிய வேளாண் எழுத்தாளர் கோலுமெல்லா எழுதி வைத்திருக்கிறார். காரமும் எண்ணெயும் மெழுகின் அடுக்கைக் குலைத்துவிடும், நீர் விரைவில் வெளியேறும். இன்றைக்கு மகாராஷ்டிரத்தின் சாங்லி வட்டாரத்தில் பொட்டாசியம் கார்பனேட்டோடு எண்ணெய்ப் பொருளைக் கலந்து அதே முறையில் முக்குகிறார்கள். நம் கடைகளுக்கு வரும் கிஸ்மிஸ் பெரும்பாலும் இப்படி உலர்ந்ததுதான்.

வெளியே போக எளிதான வழி உள்ளே வரவும் எளிது. காரநீரில் முக்கிய கிஸ்மிஸ் சீக்கிரம் ஊறும். மெழுகு கலையாமல் வெயிலில் அப்படியே காய்ந்த கறுப்புத் திராட்சைக்குக் கூடுதல் நேரம் வேண்டும். நீர் அதற்குள் காம்பு இருந்த துளை வழியாகவும் தோலின் நுண்ணிய விரிசல்கள் வழியாகவும் போகிறது. தேநீரைச் சூடாக ஊற்றச் சொல்வதன் காரணமும் இதுதான். சூட்டில் மெழுகு இளகும். நீர் மூலக்கூறுகளின் ஓட்டமும் கூடும். ஆறிப்போன தேநீரில் போட்டாலும் காலைக்குள் ஓரளவு ஊறும், ஆனால் நடுவில் ஒரு கெட்டியான பகுதி எஞ்சிவிடும்.

பள்ளிப் பாடநூல்களில் இந்த ஊறலைச் சவ்வூடுபரவலுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். நீரை மட்டும் விட்டுச் சர்க்கரையைத் தடுக்கும் சவ்வு நடுவில் இருந்தால், சர்க்கரை மிகுந்த பக்கத்துக்கு நீர் ஈர்க்கப்படும் என்பது அதன் சாரம். 1748இல் பிரெஞ்சு நாட்டு நொல்லே என்ற பாதிரியார் ஒரு குப்பியில் மதுச்சாரத்தை நிரப்பி, அதன் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பை கொண்டு கட்டி, நீருக்குள் மூழ்கவைத்தார். சில மணி நேரத்தில் அந்தத் தோல் வெளிப்புறமாகப் புடைத்து நின்றது. மதுச்சாரத்தைவிட நீர் அந்தத் தோலை எளிதில் கடந்திருக்கிறது என்று அவர் கண்டுகொண்டார். சவ்வூடுபரவல் பற்றிய அறிவு அங்கே தொடங்குகிறது. அதன் அழுத்தத்துக்கான விதிகளை வகுத்ததற்கும் சேர்த்தே 1901இல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு வான்ட் ஹாஃபுக்குக் கிடைத்தது.

ஆனால் உலர்திராட்சை இந்தப் பாடத்துக்கு முழுதாகப் பொருந்துவதில்லை. இதை வீட்டிலேயே கண்டுகொள்ளலாம். சர்க்கரை சேர்க்காத தேநீரில் கொஞ்சம் கிஸ்மிஸை இரவில் போட்டு, காலையில் அந்தத் தேநீரைக் குடித்துப் பாருங்கள். இனிக்கும். சவ்வு சர்க்கரையைத் தடுத்து நிறுத்தியிருந்தால் அந்த இனிப்பு எங்கிருந்து வரும்? பழம் காயும்போதே அதன் உயிரணுக்கள் இறந்துவிடுகின்றன. அவற்றைச் சூழ்ந்த சவ்வுகளும் சிதைந்து, தேர்ந்து அனுப்பும் திறனை இழக்கின்றன. ஆகவே நீர் உள்ளே போகும் அதே நேரத்தில் சர்க்கரையும் அமிலங்களும் நிறமும் மெல்ல வெளியே கசிகின்றன. பழத்துக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு பண்டமாற்று நடக்கிறது. வெறும் பரவலும் சவ்வூடுபரவலும் கலந்த நிகழ்ச்சி என்று இதைச் சொல்வதே சரி. தேநீரை ஏன் கொட்டக் கூடாது என்பதும் இதனால் தெளிவாகும். பழத்தின் சுவையில் ஒரு பங்கு அதற்குள் இறங்கிவிட்டது.

இன்னொரு சோதனைக்குத் தராசு போதும். 100 கிராம் கிஸ்மிஸை ஊறவைத்து, காலையில் வடித்து, துணியில் ஒற்றி மறுபடி நிறுத்துப் பாருங்கள். எடை நன்றாகவே ஏறியிருக்கும். சர்க்கரை வெளியேறியும் எடை கூடியிருக்கிறதென்றால் உள்ளே வந்த நீர் அதைவிட அதிகம் என்று பொருள்.

இனி முக்கியமான கருத்துக்கு வருவோம். ஊறவைக்காத பழத்தை நேரே மாவில் கலந்தால் என்ன ஆகும்? மாவுக் கலவையில் நீர் நிறைய, பழத்தில் குறைவு. நிறைய உள்ள இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு நீர் போகும் என்று தோன்றும். இந்த இடத்தில் அந்த ஊகம் சரியாகவே வரும். ஆனால் அதன் அடிப்படை தவறு. நீர் அளவைப் பார்த்து நகர்வதில்லை. ரொட்டியின் எடையில் ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாக நீர் உண்டு. ஜாமில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இரண்டும் பெரிதும் வேறுபடவில்லை. ஆயினும் ரொட்டி சில நாளில் பூஞ்சை பிடிக்கிறது, ஜாம் பல வாரம் கெடாமல் இருக்கிறது. நீரின் அளவை மட்டும் எண்ணினால் இது விளங்காது.

நூறு பேர் கூடியிருக்கும் கல்யாண வீட்டில் அவசரத்துக்கு ஓர் ஆளைத் தேடிப் பாருங்கள். ஒருவர் பந்தி பரிமாறுகிறார், ஒருவர் மாப்பிள்ளை வீட்டாரைக் கவனிக்கிறார், ஒருவர் தேங்காய்ப் பைகளை எண்ணிக்கொண்டிருக்கிறார். தலையை எண்ணினால் நூறு, கூப்பிட்டால் வரக்கூடியவர் நாலே பேர். உணவில் உள்ள நீரும் அப்படித்தான். ஒரு பகுதி சர்க்கரையோடும் உப்போடும் மாவுச்சத்தோடும் புரதத்தோடும் ஒட்டிக்கொண்டு வேலையில் இருக்கிறது. எந்த அளவுக்குக் கூப்பிட்டால் வரக்கூடியதாக நீர் இருக்கிறது என்பதைக் காட்டும் எண்ணை உணவு அறிவியலில் வாட்டர் ஆக்டிவிட்டி என்கிறார்கள். தமிழில் நீர்ச்செயற்பாடு என்று சொல்லலாம். தூய நீருக்கு அது 1. சாதாரண ரொட்டிக்கு 0.95 அளவு, ஜாமுக்கு 0.8ஐ ஒட்டி, உலர்திராட்சைக்கு 0.6 அளவில் இருக்கும்.

இதை எப்படி அளக்கிறார்கள்? கைக்குள் அடங்கும் ஒரு மூடிய கிண்ணத்தில் உணவை வைத்துக் காத்திருப்பார்கள். உணவிலிருந்து நீராவி கிளம்பும், கொஞ்சம் திரும்பிப் போகும், கடைசியில் வரவும் போக்கும் சமமாகும். அப்போது உள்ளே சிறைப்பட்ட காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால் அந்த உணவின் நீர்ச்செயற்பாடு 0.8. ஈரப்பதத்தை அளக்க ஒரு சிறு கண்ணாடியை மெல்லக் குளிர்விக்கிறார்கள். எந்த வெப்பநிலையில் அதன்மேல் முதல் பனித்துளி படிகிறதோ, அதிலிருந்து ஈரப்பதம் தெரிந்துவிடும். உணவை அரைக்கவோ வறுக்கவோ தேவையில்லை. அது தன் மேலே உள்ள காற்றுக்கு என்ன சொல்கிறது என்று கேட்டால் போதும்.

இந்த எண்ணுக்கு உணவுத் துறையில் இவ்வளவு மதிப்புக் கிடைக்கச் செய்தவர் ஆஸ்திரேலியாவின் வில்லியம் ஜேம்ஸ் ஸ்காட். உணவை நஞ்சாக்கும் ஒரு பாக்டீரிய இனத்தை உலர்ந்த இறைச்சி, பால், சூப் என்று வெவ்வேறு பொருள்களில் வளர்த்துப் பார்த்து 1953இல் முடிவுகளை வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் இருந்த நீரின் அளவு வேறு வேறு. ஆனாலும் நீர்ச்செயற்பாடு ஏறத்தாழ 0.86க்குக் கீழே இறங்கியதும் எல்லாவற்றிலும் வளர்ச்சி நின்றுபோனது. நுண்ணுயிருக்கு முக்கியம் மொத்த நீர் அல்ல, தனக்கு எட்டும் நீர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பிறகு மற்ற உயிர்களுக்கும் எல்லைகள் குறிக்கப்பட்டன. பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.91க்குக் கீழே வளர்வதில்லை. பல பூஞ்சைகள் 0.8 வரை தாக்குப்பிடிக்கும். வறட்சிக்குப் பழகிய சில பூஞ்சைகள் 0.6ஐ ஒட்டிய நிலையிலும் மெல்ல வளரும்.

நீர் நகரும் திசையையும் இதே எண்தான் தீர்மானிக்கிறது. ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இரு பொருள்களில், செயற்பாடு மிகுந்ததிலிருந்து குறைந்ததற்கு நீர் போகும், இரண்டும் சமமாகும் வரை போய்க்கொண்டே இருக்கும். ஊறாத கிஸ்மிஸ் 0.6, மாவுக் கலவை 0.95க்கும் மேல். ஓவனில் வெந்துகொண்டிருக்கும்போதும், அடுத்த சில நாளும், பழம் தன்னைச் சுற்றியுள்ள ரொட்டியிலிருந்து நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். பழம் ஊதிப் பெருகும், ரொட்டி வறண்டுபோகும். பழம் அதிகம் போட்டால் ரொட்டி ஈரமாக இருக்கும் என்று நினைத்து, ஊறவைக்காமல் கொட்டுபவர்களுக்கு உதிர்ந்து விழும் ரொட்டிதான் கிடைக்கும். இரவெல்லாம் ஊறிய பழமோ தன் தாகத்தைத் தேநீரில் முன்பே தீர்த்துக்கொண்டு வருகிறது. அதன் செயற்பாடு ஏறி, மாவுக் கலவையை நெருங்கிவிட்டது. கலந்தபின் இரண்டுக்கும் இடையே இழுபறி அதிகம் இல்லை. ரொட்டி பின்னால் காயத் தொடங்கினால் திசை மாறி, பழத்திலிருந்து ரொட்டிக்கு நீர் கசியும். உறிஞ்சிக் குடித்திருக்க வேண்டிய பழம் நீரைச் சேமித்துத் தருவதாகிவிட்டது. பாரா பிரித்தின் ஈரத்துக்கு முதல் காரணம் இது.

மேலே சொன்ன அளவுகளைக் கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சுடும்போது ஆவியாகும் நீரைக் கழித்து, பழத்தின் சர்க்கரையையும் சேர்த்த சர்க்கரையையும் கூட்டினால், முழு ரொட்டியின் நீர்ச்செயற்பாடு 0.9ஐ ஒட்டி வருகிறது. சாதாரண ரொட்டியைவிடக் குறைவு. பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு இங்கே இடமில்லை என்று ஏறக்குறையச் சொல்லலாம். பூஞ்சைக்கு இன்னும் இடமிருக்கிறது.

இதற்குத் தேநீர்தான் வேண்டுமா, வெந்நீர் போதாதா? ஊறும் வேலையை மட்டும் பார்த்தால் வெந்நீரே போதும். தேநீர் தருவது சுவை. கறுப்புத் தேயிலையின் பாலிஃபீனால்கள் நம் உமிழ்நீரிலுள்ள புரதங்களைப் பற்றித் திரளச் செய்கின்றன. நாக்கில் உமிழ்நீரின் வழவழப்புக் குறைந்து துவர்ப்பாக உணர்கிறோம். பழத்தின் திகட்டும் இனிப்பை அந்தத் துவர்ப்புத் தாங்கிப் பிடிக்கிறது. பால் ஊற்றினால் பாலிலுள்ள கேசின் புரதம் அந்தப் பாலிஃபீனால்களை முன்கூட்டியே பிடித்துவைத்துக்கொள்ளும், துவர்ப்பு மழுங்கிப்போகும். அதனால் தேநீர் கடுப்பாகவும் பாலில்லாமலும் இருக்க வேண்டும்.

19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகளில் பிரிட்டனின் அடுக்களைகளில் சீனத் தேயிலையின் இடத்தை அசாம் தேயிலையும் இலங்கைத் தேயிலையும் பிடித்தன. இலங்கையில் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை பயிரிட்ட பிறகு மலைச்சரிவுகள் வேகமாகப் பச்சையாயின. அங்கே கொழுந்து பறித்தவர்கள் திருச்சி, மதுரை, சேலம், தஞ்சாவூர்ப் பக்கங்களிலிருந்து போன நம் மக்கள். ஏழை எளிய வேல்ஸ் குடும்பங்களும் கெட்டியாகத் தேநீர் போட்டுக் குடித்து, மிச்சத்தில் பழம் ஊறவைக்கும் அளவுக்கு அது மலிந்ததில் அவர்களுடைய உழைப்பு இருக்கிறது. இந்த ரொட்டியைப் பற்றிப் பேசும்போது அவர்களை விட்டுவிட எனக்கு மனமில்லை.

பழைய பாரா பிரித் ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்த ரொட்டி. அயர்லாந்தில் ஹாலோவீன் நாளில் மோதிரம் ஒளித்துவைத்துச் சுடும் பார்ம்பிராக், இதன் உறவு, இன்றைக்கும் பல வீடுகளில் ஈஸ்ட்டில்தான் எழுகிறது. ஆனால் இவ்வளவு பழமும் சர்க்கரையும் கொண்ட கலவையை ஈஸ்ட்டால் எழுப்புவது சிரமம். ஈஸ்ட் உயிருள்ளது, அதன் சவ்வுகள் சிதையாமல் வேலை செய்பவை. சுற்றிலும் சர்க்கரை மிகுந்தால் அதன் உடலிலிருந்து நீர் வெளியே இழுக்கப்படும். நொல்லே கண்ட சவ்வூடுபரவல் இங்கே அப்படியே பொருந்துகிறது. ஜாமைக் காப்பாற்றும் அதே வறட்சிதான் ஈஸ்ட்டையும் வாட்டுகிறது. பட்டையிலுள்ள சின்னமால்டிஹைடும் ஈஸ்ட்டின் வளர்ச்சியைத் தடுக்கும். ஆகவே ஈஸ்ட் முறையில் மாவை முதலில் எழவிட்டு, பழத்தைக் கடைசியில் பிசைந்து சேர்ப்பது நல்லது.

வழி மாறியது 19ஆம் நூற்றாண்டின் நடுவில். பர்மிங்காமில் மருந்துக்கடை வைத்திருந்த ஆல்ஃபிரட் பேர்ட், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக 1843இல் பேக்கிங் பவுடர் செய்தார். செவெர்ன் கழிமுகத்துக்கு அப்பால், வேல்ஸுக்கு எதிர்ப்புறம் இருக்கும் பிரிஸ்டல் நகரில் ஹென்றி ஜோன்ஸ் என்ற ரொட்டிக்காரர் 1845இல் செல்ஃப் ரைசிங் மாவுக்குக் காப்புரிமை பெற்றார். சோடாவும் அமிலமும் சேர்ந்து வாயுவைக் கொடுக்கும். சர்க்கரை எவ்வளவு இருந்தாலும் அந்த வினைக்குத் தாகம் எடுப்பதில்லை. இரவு முழுக்கப் பழத்தைத் தேநீரில் ஊறப் போட்டு, அந்த இனிப்பு நீரையே மாவில் கலக்கும் எளிய முறை வீட்டுக்கு வீடு நடக்கக்கூடியதானது இந்த மாவினால்தான்.

மாவு நனைந்தவுடனே வாயுவில் ஒரு பகுதி கிளம்பிவிடும், மீதி சூட்டில் வரும். எனவே மாவைக் கலந்தபின் தாமதிக்காமல் ஓவனில் வைக்க வேண்டும். வெள்ளை மாவு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கலந்தால் போதும். மேலும் மேலும் கிளறினால் மாவின் புரதங்கள் பின்னிக்கொண்டு குளூட்டன் வலையாகும். பூரிக்கு அது வேண்டும், இந்த ரொட்டிக்கு வேண்டாம். கொழுப்பு இருந்தால் அந்தப் பின்னலைக் குறைக்கும். இங்கே கொழுப்பு இல்லாததால் அந்த வேலை சர்க்கரைக்கும் நம் கையின் நிதானத்துக்கும் வந்து சேர்கிறது. பழம் அடியில் தங்காதிருக்க மாவில் புரட்டிப் போடுவார்கள் கேக்குக்கு. இதில் பழம் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும் அளவுக்கு நெருக்கம், கலவையும் கெட்டி. தங்குவதற்கு இடமேது?

ஓவன் 170 டிகிரியில் எரிந்தாலும் ரொட்டியின் நடுப்பகுதி 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. நீர் இருக்கும்வரை வந்து சேரும் வெப்பமெல்லாம் அதை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். ரொட்டியின் நடுவில் வெப்பமானியைச் செருகிப் பார்த்தால் இது தெரியும். ஈரமும் பழமும் நிறைந்த இந்தக் கலவைக்குள் வெப்பம் நகர்வதும் மெதுவாகத்தான். அவசரப்பட்டு ஓவனை 200க்கு ஏற்றினால் வெளிப்புறம் கருகி நடு வேகாமல் இருக்கும். மேலே துருத்தி நிற்கும் பழங்களை விரலால் உள்ளே அழுத்திவிடுங்கள், அவைதான் முதலில் கசக்கும்.

நீர் வற்றிய மேலோட்டில் மட்டும் வெப்பம் 100ஐத் தாண்டி ஏறும். 1912இல் லூயி கமீல் மையார் விவரித்த வினை அங்கே நடக்கிறது. சர்க்கரையும் அமினோ அமிலங்களும் கூடிப் பழுப்பு நிறத்தையும் மணத்தையும் உண்டாக்கும் வினை அது. எல்லாச் சர்க்கரையும் இதில் நேரடியாக ஈடுபடாது. பள்ளி ஆய்வகத்தில் பெனடிக்ட் கரைசலைச் செங்கல் நிறமாக்கும் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஈடுபடும். அதே சோதனையில் நிறம் மாற்றாத சாதாரணச் சர்க்கரை, உடைந்து அவையாக மாறினால்தான் சேரும். திராட்சையிலிருந்து தேநீருக்குள் இறங்கியவை முதல் வகை. இரவில் நடந்த பண்டமாற்றுக்குக் காலையில் மேலோட்டின் ஆழ்ந்த நிறத்தில் பலன் தெரிகிறது.

சுட்ட உடனே வெட்ட வேண்டாம் என்பதற்கும் இனி விளக்கம் தேடிப் போக வேண்டியதில்லை. மேலோடு வறண்டிருக்கிறது, நடு ஈரமாக இருக்கிறது. தாளில் சுற்றி வைத்தால் ஒரு நாளில் நடுவிலிருந்து நீர் மேலோட்டுக்கு வந்து அதை இளக்கும். மொறமொறப்புப் போய்ப் பசபசப்பு வரும். அதுதான் இந்த ரொட்டியின் பக்குவம்.

கட்டிவைத்த கடை ரொட்டி ஏன் விறைக்கிறது என்பது மட்டும் மிச்சம். காய்வதால் என்று நாம் நினைப்பதைப் பிரெஞ்சு வேதியியலாளர் பூசாங்கோ 1852இலேயே சோதித்துப் பார்த்தார். நீர் துளியும் வெளியேறாதபடி முத்திரையிட்டு வைத்த ரொட்டியும் விறைத்தது. அதையே 60 டிகிரிக்கு மேல் சூடாக்கியபோது மறுபடி மிருதுவானது. நீரை இழக்காமலே விறைத்து, நீரைச் சேர்க்காமலே இளகுகிறதென்றால், மாற்றம் நீரின் அளவில் இல்லை. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் டச்சு அறிஞர் காட்ஸ் எக்ஸ் கதிர்களைச் செலுத்திப் பார்த்து மாவுச்சத்தை அடையாளம் காட்டினார். வேகும்போது நீரை உறிஞ்சிக் குலைந்துபோகும் மாவுச்சத்து மூலக்கூறுகள், ஆறியபின் மெல்ல ஒழுங்காக அடுக்கிக்கொண்டு மறுபடி படிகமாகின்றன. ஃபிரிட்ஜில் வைத்த சோறு பரல் பரலாக விறைப்பதும், சூடுகாட்டினால் இளகுவதும் இதே நிகழ்ச்சிதான். உறைநிலைக்குச் சற்று மேலே, ஃபிரிட்ஜின் வெப்பநிலையில்தான் இது மிக வேகமாக நடக்கிறது.

கடை ரொட்டியின் எடையில் கிட்டத்தட்டப் பாதி மாவுச்சத்து. நம் பழரொட்டி சுட்டபின் ஒரு கிலோ அளவு தேறும். அதில் 250 கிராம் மைதா, அந்த மைதாவில் மாவுச்சத்து 175 கிராம்போல. ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. விறைக்கக்கூடிய பொருளே குறைவு. இருப்பதும் சர்க்கரை நிறைந்த நீரின் நடுவில், ஊறிய பழங்களுக்கு இடையே சிதறிக் கிடக்கிறது. கொழுப்பில்லாமலும் அது மிருதுவாக இருப்பதற்கு இது இரண்டாவது காரணம். இரண்டில் எது பெரியது என்று கேட்டால், முதல் ஓரிரு நாளைக்கு ஊறவைத்ததும், அதற்குப் பின் இந்தக் குறைந்த மாவுச்சத்தும் என்பேன்.

நம் ஊரில் இதைச் சுடுகிறவர்கள் வேல்ஸின் ஒரு வாரக் கணக்கை நம்ப வேண்டாம். 0.9 என்ற எல்லையில் பூஞ்சைக்கு வேண்டியது வெப்பம் ஒன்றுதான். சென்னைக் கோடையில் அது தாராளமாகக் கிடைக்கும். வெளியே வைப்பதானால் மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுவது பாதுகாப்பு. நீண்ட நாள் வேண்டுமென்றால், மறுநாள் பக்குவம் வந்ததும் துண்டுபோட்டு, இடையிடையே வெண்ணெய்த்தாள் வைத்து ஃபிரீசரில் அடுக்கலாம். அந்தக் குளிரில் பூஞ்சையும் வளராது, மாவுச்சத்தின் படிகமாதலும் கிட்டத்தட்ட நின்றுபோகும். ஃபிரிட்ஜில் வைத்துச் சற்று விறைத்துப்போனாலும் கவலைப்பட ஏதுமில்லை. தோசைக்கல்லில் மிதமான தீயில் இருபுறமும் வாட்டினால், 60 டிகிரியைத் தாண்டியதும் படிகங்கள் கலைந்து துண்டு இளகிவிடும். ஓரத்துப் பழங்களில் சர்க்கரை மிகுதி என்பதால் கல்லை அதிகம் காயவிட வேண்டாம்.